மெஷினா கையா? வாஷிங்டன் மாநிலம் 2004

2004ல அமெரிக்கால வாஷிங்டன் மாநில கவர்னர் எலெக்‌ஷன், ஜனநாயகக் கட்சில கிறிஸ்டின் கிரிகோயர், குடியரசுக் கட்சில டினோ ராசி. ஏறக்குறைய 28 லட்சம் ஓட்டு. முதல் எண்ணிக்கைல ராசி 261 ஓட்டு முன்னாடி, ஓட்டுச் சீட்ட படிச்சு எண்ணுற மெஷின்ல திரும்ப எண்ணினா அது வெறும் 42 ஆயிடுச்சு, கடைசியா கையால எண்ணினப்போ கிரிகோயர் 129 ஓட்டுல ஜெயிச்சாங்க.

மெஷின் வேகம், செலவும் கம்மி, இத்தனை லட்சம் சீட்டு எண்ண அது இல்லாம முடியாது. ஆனா லேசா கிறுக்கின மார்க், தப்பா போட்டு அடிச்ச மார்க் இதெல்லாம் அதுக்கு புரியாது, கண்ணால பாக்குறவங்களுக்கு புரியும். கை எண்ணிக்கைக்கு அப்போ ஜனநாயகக் கட்சி 7 லட்சம் டாலருக்கு மேல டெபாசிட் கட்ட வேண்டியிருந்துச்சு, நாளும் இழுக்கும்.

ஆனா எனக்கு இதுல முக்கியமா படுறது வேற. சியாட்டில் இருக்குற கிங் கவுன்ட்டில (நம்ம மாவட்டம் மாதிரி) கவுன்சில் தலைவர் லாரி பிலிப்ஸ், நிராகரிச்ச தபால் ஓட்டு லிஸ்ட்ட பாத்தா அதுல அவர் பேரே இருக்கு! அவர் கையெழுத்து கம்ப்யூட்டர்ல ஏறலயாம், அத சரியா தேடாமலே ஒதுக்கிட்டாங்க, தோண்டினப்போ இதே மாதிரி நூத்துக்கணக்குல கிடந்துச்சு. மெஷின்ல பத்து தடவை எண்ணினாலும் இது வெளிய வந்திருக்காது.

அதுக்காக கை எண்ணிக்கைய முழுசா நம்பிடவும் முடியாது. 2005 ஜூன்ல கோர்ட், எண்ணின ஓட்டுலயே 1,678 ஓட்டு செல்லாததுன்னு சொல்லுச்சு, அது யாருக்கு விழுந்துச்சுன்னு காட்ட முடியாததால முடிவு மாறல. இருந்தாலும் வித்தியாசம் இவ்வளவு கம்மின்னா கையாலதான் எண்ணணும், நான் அந்தப் பக்கம்தான்.