விண்டோஸ் 10-லிருந்து 11: எந்தக் கம்ப்யூட்டருக்கு ஏற்றலாம், எதற்கு வேண்டாம்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றன. அதற்குப் பிறகும் கம்ப்யூட்டர் ஓடும், பிரவுசர் திறக்கும், பிரின்டர் அச்சடிக்கும். புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் மட்டும் அடைபடாமல் கிடக்கும். விண்டோஸ் 11-க்கு மாற இதுதான் காரணம். மெனு அழகாக இருக்கிறது என்பதற்காக யாரும் மாற வேண்டியதில்லை. பல இடங்களில் 10-இன் மெனுவே வேலைக்கு ஒத்தாசை.

ஆக, கேள்வி உங்கள் பெட்டியைப் பற்றியது. மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் செயலியை ஓட்டினால் எது இடிக்கிறது என்று சொல்லிவிடும். பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான்: ப்ராசஸர், டிபிஎம் 2.0 (ரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்பு சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் வசதி). இவற்றில் ப்ராசஸர் இடித்தால் அத்தோடு விஷயம் முடிந்தது. இன்டெல் என்றால் ஓரிரு விதிவிலக்குகள் தவிர 8-ஆம் தலைமுறை முதல்தான்: ஐ5-8400 தேறும், ஐ5-7400 தேறாது. ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல் என்பார்கள். அதை அப்படியே நம்ப வேண்டாம். 2200ஜி, 2400ஜி இரண்டும் பெயரில் 2000 என்றாலும் உள்ளே முந்தைய தலைமுறை, பட்டியலில் இல்லை.

டிபிஎம் இல்லை என்று வந்தால் பயப்பட வேண்டாம். ப்ராசஸர் தேறிய பெட்டியில் அது அணைத்து வைக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்ஸில்) இன்டெல் போர்டு என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில் இருக்கும். இயக்கிவிட்டு மறுபடி சோதியுங்கள்.

செக்யூர் பூட்டில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். அது யூஇஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையில் மட்டுமே ஓடும். பழைய லெகசி முறையில் விண்டோஸ் போட்டிருந்தால் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் வடிவில் இருக்கும். அதை ஜிபிடி என்ற புதிய வடிவுக்கு மாற்றாமல் பயாஸில் மட்டும் யூஇஎஃப்ஐக்குத் தாவினால் விண்டோஸ் பூட் ஆகாது. (பழையபடி லெகசிக்குத் திருப்பினால் வந்துவிடும், அவசரப்பட்டு ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.) முதலில் பேக்கப். பிறகு அட்மின் உரிமையோடு கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியை வேலிடேட் முறையில் ஓட்டுங்கள். தேறினால் கன்வெர்ட். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸிலிருந்தே செய்வதால் இரண்டு முறையும் கட்டளையில் அலோஃபுல்ஓஎஸ் என்ற ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும். ஃபைல்கள் அழியாது. ஆனால் டிஸ்கில் மூன்றுக்கு மேல் ப்ரைமரி பார்ட்டிஷன் இருந்தாலோ, டி, இ டிரைவ்கள் எக்ஸ்டென்டட் பார்ட்டிஷனுக்குள் இருந்தாலோ கருவி மறுத்துவிடும். கன்வெர்ட் முடிந்த பிறகுதான் பயாஸில் லெகசி முறைக்கான சிஎஸ்எம்மை அணைத்து செக்யூர் பூட்டை இயக்க வேண்டும். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) போட்டிருந்தால் இதையெல்லாம் தொடுவதற்கு முன்பே அதை சஸ்பெண்ட் செய்து, 48 இலக்க ரெக்கவரி கீயை வேறு இடத்தில் எழுதி வையுங்கள்.

குறைந்தபட்சம் 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் என்பது அதிகாரபூர்வக் கணக்கு. 4 ஜிபியில் பிரவுசரில் நாலு டேப் திறந்தாலே மூச்சு வாங்கும். 8 ஜிபி வேண்டும். இன்னும் ஹார்ட் டிஸ்கில்தான் விண்டோஸ் ஓடுகிறது என்றால் முதலில் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள், அப்டேட் அப்புறம். அந்த ஒரு மாற்றம் தருகிற வேகத்தை எந்த ஓஎஸ்ஸும் தராது.

ஏற்றும்போது வரும் தடைகளில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். 0எக்ஸ்சி1900101 என்று தொடங்கும் பிழை எண் வந்து பழையபடி 10-க்கே திரும்பினால், காரணம் ஏதோ ஒரு டிரைவர். தனியாக வாங்கிப் போட்ட ஆன்ட்டிவைரஸை நீக்கி, கீபோர்டு மவுஸ் தவிர யூஎஸ்பியில் இருப்பதையெல்லாம் கழற்றி, மறுபடி முயலுங்கள். இரண்டாவது, சிஸ்டம் ரிசர்வ்ட் பார்ட்டிஷனை அப்டேட் செய்ய முடியவில்லை என்ற செய்தி. சி டிரைவில் எவ்வளவு காலி செய்தாலும் இது போகாது; நிரம்பியிருப்பது பூட் ஃபைல்கள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷன். அதில் சுமார் 15 எம்பி காலி வேண்டும். மவுண்ட்வால் கட்டளையால் அதற்கு ஒரு டிரைவ் எழுத்து கொடுத்து, மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள் பூட், அதற்குள் ஃபான்ட்ஸ் என்று போய் அங்குள்ள ஃபைல்களை அழித்தால் போதும். வேறு எதையும் தொடக் கூடாது.

ஏற்றிய பின் பிடிக்கவில்லை என்றால் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் ரெக்கவரி வழியாகத் திரும்பலாம். அந்தக் கெடு முடிவதற்குள் டிஸ்ம் கட்டளையால் 60 நாள் வரை நீட்டிக்கொள்ளலாம். இடையில் இடம் அடைக்கிறதே என்று பழைய விண்டோஸ் இருக்கும் விண்டோஸ் டாட் ஓல்ட் ஃபோல்டரை அழித்தால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

அன்றாடப் பயன்பாட்டில் முதலில் எரிச்சலூட்டுவது ரைட் கிளிக் மெனு. பாதி கட்டளைகளைத் தேட இன்னொரு கிளிக் வேண்டும். ஷிஃப்டை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்தால் பழைய மெனு நேராக வரும். நடுவில் நிற்கும் ஸ்டார்ட் பட்டனை டாஸ்க்பார் செட்டிங்ஸில் இடப்பக்கம் தள்ளலாம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து வேர்ட்பேட் கிடையாது. அதே பதிப்பின் ப்ரோ வகையில் பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் அணுகலும் அடைபட்டிருப்பதால், பழைய நெட்வொர்க் டிஸ்க் திடீரென்று திறக்காமல் போகலாம். டிஸ்கில் யூசர், பாஸ்வேர்ட் உருவாக்குவதே சரியான தீர்வு. கேம் ஆடும்போது வேகம் குறைந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியின் கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு இயங்குகிறதா என்று பாருங்கள். ரைசன் 2000 பட்டியலில் இருந்தாலும் அதற்கான வன்பொருள் துணை ஏஎம்டியின் ஜென் 2 தலைமுறையில்தான் வந்தது. முந்தையவற்றில் மென்பொருளே அந்தச் சுமையை ஏற்கிறது.

தேறாத பெட்டியிலும் ரூஃபஸ் என்ற யூஎஸ்பி தயாரிக்கும் கருவி வழியாக 11-ஐ ஏற்றலாம். ஏறும், ஆனால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை, ஆண்டு தோறும் வரும் பெரிய பதிப்புக்கு மறுபடி ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் ஃபைல்) எடுத்துக் கையால் போட வேண்டியிருக்கும். கோர் 2 டுவோ காலத்துப் பெட்டிகளில் அதுவும் முடியாது. பாப்கவுண்ட் என்ற கட்டளை ப்ராசஸரில் இல்லாததால் 24எச்2 பூட்டே ஆகாது. கணக்கு வழக்கு, பேங்க் வேலை நடக்கும் பெட்டிக்கு இந்தக் குறுக்கு வழியைப் பரிந்துரைக்க மாட்டோம்.

அதற்குப் பதில், வீட்டுப் பயனர்களுக்கான இஎஸ்யு (நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்) திட்டத்தில் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்கள் உண்டு. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் வேண்டும். செட்டிங்ஸை பேக்கப் செய்து சிங்க் செய்தால் கட்டணமில்லை. இல்லாவிட்டால் 1000 மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது 30 டாலர். ஒரே கணக்கில் 10 பெட்டிகள் வரை சேர்க்கலாம். அதற்குள் ஒரு யூஎஸ்பியில் லினக்ஸ் மின்ட் என்ற மாற்று ஓஎஸ்ஸைப் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பாருங்கள். பிரின்டரும் வைஃபையும் அதில் வேலை செய்தால், அந்தப் பழைய பெட்டிக்கு விண்டோஸே தேவைப்படாமல் போகலாம்.