ஆறு மணி நேரம் மிதித்த பிறகு எது தொண்டையில் இறங்கும்?

நீண்ட தூரம் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. 200 கி.மீ பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூரச் சைக்கிள் பயணம்) ஒன்பது, 300 நான்கு, 400 இரண்டு, 600 ஒன்றே ஒன்று. இத்தனையிலும் கால் வலித்து நின்றது ஒரு முறைதான், வயிறு மக்கர் பண்ணி நின்றதற்குக் கணக்கே இல்லை. அதனால் ஜெல் (சின்னப் பாக்கெட்டில் வரும் இனிப்புக் கூழ்), பார் (கடித்துத் தின்னும் சத்துக் கட்டி), கடலை மிட்டாய், வாழைப்பழம் என்று பின்பாக்கெட்டில் திணித்துப் பார்த்த எல்லாவற்றையும் பற்றி ஒரு தடவை உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் வேகமான ஆள் இல்லை, எடை 74 கிலோ, சமவெளியில் சராசரியாக 22, 23 கி.மீ வேகம், பெரும்பாலும் சென்னையிலிருந்து ஈ.சி.ஆர், ஜி.எஸ்.டி ரோடு. குளிர் நாட்டுக்காரர்கள் சொல்லும் அறிவுரை பாதிதான் நமக்குப் பொருந்தும் என்பதைக் காசு செலவழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதல் 200-க்குப் போகும்போது நன்றாகப் படித்துவிட்டுத்தான் போனேன், அதுதான் வினை. உடம்பில் தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்து கிளைகோஜன் (உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை) 400, 500 கிராம் அளவுக்குத்தான் இருக்கும், கொஞ்சம் அழுத்தி மிதித்தால் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் அது காலியாகத் தொடங்கும், அப்புறம் கண் இருட்டி, கால் பஞ்சாகி, பக்கத்தில் வருகிறவர் மேல் காரணமில்லாமல் எரிச்சல் வரும் (இதைத்தான் பாங்க் என்கிறார்கள்). அதைத் தவிர்க்க மணிக்கு 30 முதல் 60 கிராம் கார்ப் (கார்போஹைட்ரேட், அதாவது மாவும் சர்க்கரையும்) உள்ளே போக வேண்டும் என்று படித்திருந்தேன். சரி, ஒரு ஜெல்லில் 22 கிராம், மணிக்கு இரண்டு ஜெல், கணக்கு முடிந்தது என்று ஒரு டஜன் ஜெல்லை வாங்கி ஜெர்சிக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இரண்டு பாட்டிலிலும் ஸ்போர்ட்ஸ் டிரிங்க் வேறு.

மரக்காணத்தில் திரும்ப வேண்டும். திரும்பி ஐந்தாறு கிலோமீட்டர்கூட வந்திருக்க மாட்டேன், மணி பதினொன்றரை, ஒன்பதாவது ஜெல்லைப் பிரித்து வாயில் வைத்தேன். வெயிலில் சூடாகி, பெரியாஸ்பத்திரி இருமல் மருந்து மாதிரி இருந்தது. நாக்கு வாங்கவில்லை, தொண்டை இறக்கவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு ரோட்டோரமாக எல்லாவற்றையும் வெளியே அனுப்பினேன். பக்கத்தில் ஒரு டீக்கடை. கடைக்கார அக்கா ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "காலைலேர்ந்து என்ன தம்பி சாப்பிட்ட?" என்றார். காலி பாக்கெட்டுகளைக் காட்டினேன். ஒன்றை வாங்கி முகர்ந்து பார்த்தார். "இது பூரா இனிப்பு. இந்த வெயில்ல உப்பே இல்லாம எப்படி நிக்கும்?" என்று சொல்லி நீர்மோரில் கல் உப்பைக் கொஞ்சம் தாராளமாகவே போட்டுக் கொடுத்தார். இரண்டு டம்ளர் குடித்தேன், இருபது நிமிடத்தில் எழுந்து உட்கார முடிந்தது. அங்கே ரோட்டுக்குப் பக்கத்தில் கண்ணுக்கு எட்டின தூரம் உப்பளம், வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருக்கிறார்கள், நடுவில் உப்பில்லாமல் நான் விழுந்து கிடந்தேன். 13 மணி 12 நிமிடத்தில் முடித்தேன், 13.30-தான் கெடு.

அன்றைக்கு இரண்டு தவறு. ஒன்று உப்பு, இன்னொன்று திகட்டல். இரண்டாவதை எந்த ஜெல் பாக்கெட்டும் சொல்லாது. பாக்கெட்டில் கிராம் கணக்கு இருக்கும், கலோரி இருக்கும், ஆறு மணி நேரத்துக்கு அப்புறம் இது உன் தொண்டையில் இறங்குமா என்பது இருக்காது. என் அனுபவத்தில் அந்த ஒரு கேள்விதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு பண்ணுகிறது.

இவ்வளவு சொன்னதால் ஜெல்லே வேண்டாம் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். இப்போதும் வாங்குகிறேன், ஆனால் ஒரு பிரெவேக்கு மூன்றோ நான்கோதான். அதற்கென்று ஒரு வேலை இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் விடாத ஏற்றம், மூச்சு வாங்கிக்கொண்டு இருக்கும்போது மென்று தின்பது நடக்காத காரியம், அங்கே ஜெல்தான் தெய்வம். பல ஜெல்களில் பெரும்பகுதி மால்ட்டோடெக்ஸ்ட்ரின், அது குளுக்கோஸ் சங்கிலிதான், ஆனால் சர்க்கரை அளவுக்கு இனிக்காது. குளுக்கோஸை மட்டும் கொடுத்தால் குடல் மணிக்கு 60 கிராம் போலத்தான் உறிஞ்சும், ஃப்ரக்டோஸ் வேறு வழியாக உள்ளே போவதால் இரண்டையும் கலந்தால் 90 வரை போகலாம், தொழில்முறை ரைடர்கள் இப்போது அதையும் தாண்டிவிட்டார்கள். நம் மாதிரி ஆட்களுக்கு 90 எல்லாம் தேவையே இல்லை, 40, 50 போதும், அதுவும் வயிற்றைப் பழக்கிய பிறகு. வாங்கும்போது ஒன்று மட்டும் பாருங்கள்: கெட்டியான சாதாரண ஜெல் என்றால் பின்னாலேயே நான்கைந்து வாய் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றில் கல்லைக் கட்டின மாதிரி நிற்கும். ஐசோடோனிக் என்று போட்டிருப்பது நீர்க்க இருக்கும், தண்ணீர் இல்லாமலே இறங்கும், ஆனால் பாக்கெட் பெரிது. எஸ்ஐஎஸ் பிராண்டின் கோ ஐசோடோனிக் ஜெல் 60 மில்லியில் 22 கிராம் கார்ப், மார்ட்டன் பிராண்டின் 100 என்ற ஜெல் 40 கிராம் பாக்கெட்டில் 25 கிராம், அது வாயில் ஒட்டாமல் ஜெல்லி மாதிரி வழுக்கிக்கொண்டு போகும், சுவை என்று ஒன்றும் கிடையாது. அந்தச் சுவையின்மைதான் எனக்குப் பிடித்தது. விலைதான் பிடிக்கவில்லை. பத்து மணி நேரத்துக்கு 500 கிராம் கார்ப் வேண்டும் என்று வைத்து, முழுக்க ஜெல்லிலேயே போனால் 23 பாக்கெட், உள்ளூர்த் தயாரிப்பு ஒன்று 100 ரூபாய் என்று வைத்தாலும் 2,300 ரூபாய். வீட்டில் சொல்ல முடியுமா?

காஃபின் ஜெல் பற்றித் தனியாக. ஒரு பாக்கெட்டில் 150 மில்லிகிராம் வரைகூட இருக்கும், பிராண்டுக்குப் பிராண்டு மாறும், பார்த்து வாங்குங்கள். 600-இல் விடியற்காலை மூன்று மணிக்கு விழுப்புரம் தாண்டி ஒன்று போட்டேன், உண்மையாகவே கண் திறந்தது. வேறொரு நாள் மாலை ஆறு மணிக்குப் போட்டுவிட்டு, பயணம் முடிந்து வீட்டுக்கு வந்து இரவு இரண்டு மணி வரை மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். காஃபின் பாதி குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். பகலில் எனக்கு டீக்கடைக் காபியே போதும், சர்க்கரை தூக்கலாக.

பார் விஷயத்தில் நான் பெரிதாக ஏமாந்தேன். சாக்லேட் பூசிய எதையும் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை சென்னையில் எடுத்துப் போகாதீர்கள், பிரித்தால் உறை ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம், கையுறை பூரா சாக்லேட். அடுத்தது புரோட்டீன் பார். 20 கிராம் புரோட்டீன் என்று பெரிதாகப் போட்டிருக்கும், அது வீட்டுக்கு வந்த பிறகு சாப்பிட வேண்டிய சமாச்சாரம், மிதித்துக்கொண்டிருக்கும்போது அது வயிற்றில் உட்கார்ந்து கதை பேசும். அதை விட மோசம், சர்க்கரை சேர்க்காதது என்று போட்ட ஒரு பார். பின்பக்கம் சின்ன எழுத்தில் மால்டிட்டால் என்று இருந்தது, எனக்கு அப்போது அது என்னவென்று தெரியாது. மால்டிட்டால் மாதிரிச் சர்க்கரை ஆல்கஹால்கள் குடலில் முழுதாக உறிஞ்சப்படாது, மிச்சம் கீழே போய்ப் புளித்து வாயு உண்டாக்கும், அதிகமானால் பேதியாகும். திண்டிவனம் நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் கழிப்பறை எத்தனை கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்கு மனப்பாடம் ஆனது. சர்க்கரையை எரிக்கத்தானே போகிறோம், சர்க்கரை இல்லாத பார் நமக்கு எதற்கு? ஓட்ஸும் பேரீச்சையும் தேனும் வைத்து அழுத்திய சாதாரண பார் என்றால் பரவாயில்லை, முதல் மூன்று மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

கடலை மிட்டாய்க்கு வருவோம். இதைப் பற்றிப் பேசாவிட்டால் நம் ஊர் ஆட்கள் அடிக்க வருவார்கள். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, ருசியில் அதை மிஞ்ச எந்த பாரும் கிடையாது, எல்லாப் பெட்டிக்கடையிலும் ஏதோ ஒரு கடலை மிட்டாய் கிடைக்கும், வெயிலில் உருகி வழியாது. ஆனால் நிலக்கடலையில் பாதி எண்ணெய் என்பதை மறந்துவிடுகிறோம். கொழுப்பு மெதுவாகத்தான் செரிக்கும், அதனால் சமவெளியில் நிதானமாகப் போகும்போது அருமை, ஏற்றத்துக்கு அரை மணி முன்னால் தின்றால் ஏப்பமாக வரும். இன்னொன்று, மூச்சு வாங்கும்போது அதன் தூள் தொண்டையில் ஏறும். ஒரு தடவை கோவளத்தில் இருமின இருமலுக்குப் பின்னால் வந்த பஸ் டிரைவரே வேகத்தைக் குறைத்தார். நான் கண்டுபிடித்த வழி, நிற்கும்போது மட்டும் கடலை மிட்டாய், ஓடும்போது கமர்கட். கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் இருபது நிமிடம் கரையும், வாயும் காயாது. இறக்கத்தில் மட்டும் வாயில் வைத்துக்கொள்ளாதீர்கள், குழியில் விழுந்து தொண்டைக்குள் போனால் விளையாட்டில்லை.

வாழைப்பழம் எல்லாரும் சொல்வது, நானும் சொல்கிறேன். பெரிய பச்சைப்பழம் ஒன்றில் 25, 30 கிராம் கார்ப் வரும், கிட்டத்தட்ட ஒரு ஜெல்லுக்குச் சமம், விலை பத்து ரூபாய்க்குள். பாக்கெட்டில் போட்டால் நசுங்கும் என்பதால் நான் ஏலக்கிதான் எடுத்துப் போவேன், சின்னது, தோல் மெல்லிசு, சுலபமாக உரிக்க வரும், இரண்டு சாப்பிட்டால் சரியாக இருக்கும். நன்றாகப் பழுத்ததாகப் பாருங்கள், செங்காயாக இருந்தால் மாவு சர்க்கரையாக மாறியிருக்காது. மலையில் மட்டும் வேண்டாம். ஒரு கொண்டை ஊசி வளைவில் நின்று பழத்தை எடுத்தேன், குரங்கு பழத்தோடு ஜெல்லையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனது. பேரீச்சையும் நல்லதுதான், எடையில் மூன்றில் இரண்டு பங்கு போல சர்க்கரை, கொட்டையை எடுத்துவிட்டு உள்ளே ரெண்டு கல் உப்பு வைத்துக்கொள்வேன். நார்ச்சத்து இருப்பதால் ஒரு நாளைக்கு எட்டு, பத்துக்கு மேல் போனால் வயிறு கடமுடா என்கும்.

இதில் எதிர்பாராமல் கிடைத்த ஒன்று பஞ்சாமிர்தம். பழனிக்குப் போய்வந்த உறவினர் ஒரு டப்பா கொடுத்தார். பார்த்தால் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், கற்கண்டு, பேரீச்சை, கொஞ்சம் நெய், ஏலக்காய். அடப்பாவி, இது ஜெல்தானே! குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கலந்தே இருக்கிறது. ஒரு சின்ன மென்குடுவையில் (பிதுக்கிக் குடிக்கும் மெத்தென்ற பாட்டில்) நிரப்பி, உப்பு ஒரு சிட்டிகை, தண்ணீர் கொஞ்சம் விட்டுத் தளர்த்தி 300-க்கு எடுத்துப் போனேன். முதல் ஏழு மணி நேரம் அமிர்தம்தான், அதற்கப்புறம் இதுவும் திகட்டியது. குடுவையைக் கழுவுவதுதான் பெரும்பாடு, ஒரு நாள் அப்படியே ஜெர்சியில் விட்டுத் தூங்கிவிட்டேன், காலையில் எறும்பு கோலம் போட்டிருந்தது.

உப்பு பற்றி. வியர்வையில் லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம் போகும், ஆளுக்கு ஆள் இது பாதியாகவோ இரண்டு மடங்காகவோ இருக்கலாம். ஹெல்மெட் பட்டையிலும் ஜெர்சியிலும் வெள்ளைக் கோடு விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் நீங்கள் என் கட்சி. மே மாதம் மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது சாதாரணம். வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் இன்னும் நீர்த்துத் தலைசுற்றும், எல்லை மீறினால் அது ஆபத்து. இளநீர் அருமையான பானம்தான், ஆனால் அதில் பொட்டாசியம்தான் அதிகம், சோடியம் குறைவு, அதனால் இளநீரோடு உப்புக் கடலையோ உப்பு பிஸ்கட்டோ சேர்த்துக்கொள்வேன். ஒரு பாட்டிலில், 750 மில்லிக்கு 40 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு (அதில் 600 மில்லிகிராம் போல சோடியம்), அரை எலுமிச்சை. சாதாரணச் சர்க்கரை என்பதே பாதி குளுக்கோஸ் பாதி ஃப்ரக்டோஸ், இதற்கு மேல் கலவை எதற்கு? இன்னொரு பாட்டிலில் வெறும் தண்ணீர், குடிக்கவும் தலையில் ஊற்றவும். நல்ல வெயில் நாளில் மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ் தூள், பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில். கண்ணளவாகக் கெட்டியாகக் கரைத்துக் குடித்து ஒரு தடவை பட்டிருக்கிறேன்.

இப்போது என் முறை என்னவென்றால், கடிகாரத்தில் 25 நிமிடத்துக்கு ஒரு அலாரம், பசிக்கிறதோ இல்லையோ அடித்தால் ஏதாவது ஒரு வாய். காலை வெயில் ஏறும் வரை இனிப்பு, வெயில் ஏறிவிட்டால் உப்பு, புளிப்பு, காரம். ஐரோப்பியப் பந்தயங்களில் ரைஸ் கேக் என்று சோற்றை அழுத்திச் சதுரமாக வெட்டி ஜெர்சிக்குள் வைத்துக்கொள்கிறார்கள். அதைப் படித்துவிட்டுப் புளியோதரையை உருண்டையாகப் பிடித்து அலுமினியத் தாளில் சுற்றி எடுத்துப் போனேன், ஜெல்லைப் பார்த்து வயிறு புரளும் நேரத்திலும் அது இறங்கியது. வெண்பொங்கலும் முயன்றேன், ருசியெல்லாம் சரிதான், நெய்யும் பருப்பும் சேர்ந்து அச்சரப்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் தூங்க வைத்துவிட்டது. எதையும் பிரெவே நாளில் முதன்முதலாக முயலாதீர்கள், ஞாயிற்றுக்கிழமை 80 கிலோமீட்டரில் முயன்று பாருங்கள். முதல் வருடம் மணிக்கு 30 கிராமே எனக்குக் கஷ்டமாக இருந்தது, பழகப் பழக 50 வந்தது.

அடுத்த மாதம் இன்னொரு 400. இந்தத் தடவை பொடி தடவிய குட்டி இட்லி எடுத்துப் போவதாகத் திட்டம், வீட்டில் ஒத்திகை நடக்கிறது. சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குக் கட்டிய பொட்டலத்தை மாலை நான்கு வரை பால்கனி வெயிலில் வைத்துப் பார்த்தோம். எண்ணெய் அதிகம் விட்டால் கை வழுக்குகிறது, விடாவிட்டால் தொண்டை அடைக்கிறது. சட்னி வைத்த பொட்டலம் மதியமே வாடை அடித்தது.