பச்சைக்கிளியா, வைரியா? செட்டிநாட்டில் பறவை பார்க்கத் தொடங்குவோருக்கு

பச்சைக்கிளிக்கும், வைரி என்னும் சிறிய வேட்டைப் பறவைக்கும் அலகு கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆனால் அந்த அலகு செய்யும் வேலை வேறு, அதற்குத் துணை நிற்கும் கால்களும் வேறு.

கொய்யா மரத்தில் இருக்கும் பச்சைக்கிளியைச் சற்று நேரம் கவனியுங்கள். கால் விரல்களில் இரண்டு முன்னே, இரண்டு பின்னே. ஒரு காலால் காயைத் தூக்கிப் பிடித்து, தடித்த நாக்கால் திருப்பித் திருப்பிக் கடிக்கும். மேல் அலகும் தனியாக அசைவதால் பாக்குவெட்டி போல விதையை நறுக்கிவிடுகிறது. கிளை மாறும்போதும் முதலில் அலகால்தான் பற்றுகிறது.

வைரிக்கு விரல்கள் மூன்று முன்னே, ஒன்று பின்னே. ஓணானையோ சிறு பறவையையோ கொல்வது பெரும்பாலும் கால் நகங்கள்தாம், அலகு கிழிப்பதற்கு. உருவத்தில் இது கிளியைவிட நீளம் குறைவு. வைரி சுமார் 30 செ.மீ., கிளி சுமார் 40 செ.மீ.; ஆனால் கிளியின் நீளத்தில் பாதிக்கு மேல் வால்தான். வைரியில் பெண்ணே பெரியது. கிளியில் ஆண், பெண் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. கழுத்து வளையம் வளர்ந்த ஆணுக்கு மட்டும்.

பரவலில் இவை இரண்டும் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்துப்போகின்றன. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் இரண்டுமே இயல்பாக வாழ்கின்றன. கூண்டிலிருந்து தப்பிய கிளிகள் லண்டனில்கூடப் பெருகிவிட்டன. கிளி இனங்கள் உலகில் சுமார் 400 இருந்தும், காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் நாம் சாதாரணமாகப் பார்ப்பது இந்த ஒன்றைத்தான். இரைகொல்லிகளில் அப்படியில்லை: வைரி, செம்பருந்து, கரும்பருந்து, இரவில் கூகை என்று பல உண்டு.

அதனால் என் தேர்வு இரைகொல்லிகளே. கோயில் கும்பாபிஷேகத்தில் கருடன் வட்டமிடும்போது எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நீங்கள் வாலையும் பாருங்கள். வால் நுனி வட்டமாக, தலை வெள்ளையாக இருந்தால் செம்பருந்து. வால் பிளந்திருந்தால் கரும்பருந்து. இப்படி நிதானித்துப் பார்க்கும் பழக்கத்தைக் கிளி அவ்வளவாகத் தராது. உடலமைப்பை அருகில் நின்று கற்க மட்டும் கிளியை மிஞ்ச ஆளில்லை.

இன்னொரு செய்தி: 2008இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, வல்லூறுகளை (ஆங்கிலத்தில் falcon) பருந்துகளிடமிருந்து பிரித்துக் கிளிகளுக்கு நெருங்கிய உறவாக வைத்தது. வைரி பருந்துகளின் பக்கம்தான்.

கூடு விஷயத்தில் என் கவலை கிளிக்காகவே. வைரி மரக்கிளையில் குச்சி அடுக்கித் தானே கூடு கட்டிக்கொள்ளும். கிளிக்குப் பொந்து வேண்டும். பட்ட பனையையும் பழைய வீட்டுச் சுவர்களையும் அகற்றும்போது அதன் இடம் போகிறது. இனப்பெருக்கக் காலம் முடியும்வரை அவற்றை விட்டுவைப்பது பெரிய செலவில்லை.

கூண்டுக் கிளியை வாங்கிப் பழகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி அது குற்றம்.