அஞ்சல்வழியில் மருத்துவச் சொற்கள் படித்து நான் ஏமாந்தது: மெடிக்கல் கோடிங்கிற்குப் பணம் கட்டப்போகிறவர்கள் கவனத்திற்கு

மெடிக்கல் கோடிங் வேலைக்குத் தேவையான மருத்துவச் சொற்களையும் உடற்கூறியலையும் வீட்டில் இருந்தபடியே ஆறு மாதத்தில் கற்றுத் தருவதாகச் சொன்ன ஒரு பயிற்சி நிறுவனத்திடம் 40,000 ரூபாயையும் ஏறத்தாழ ஓராண்டையும் இழந்திருக்கிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இருக்காது. இப்படிப்பட்டவர்களுக்குப் பெயரை மாற்றிக்கொள்வது வாசல் பலகையை மாற்றும் செலவோடு முடிந்துவிடும். அவர்கள் ஏமாற்றிய முறை மட்டும் மாறாது என்பதால் அதைத்தான் விரிவாகச் சொல்கிறேன்.

நான் விலங்கியல் பட்டதாரி. துறையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறேன். மகளுக்கு இரண்டு வயது ஆனபோது, சென்னைக்குப் போய் விடுதியில் தங்கிப் படிக்க வழியில்லாத நிலையில், உயிரியல் படித்தவர்களை எடுக்கும் கோடிங் வேலைக்கு வீட்டிலிருந்தே தயாராகலாம் என்று கைப்பேசியில் வந்த விளம்பரம் எனக்காகவே எழுதப்பட்டது போல் இருந்தது.

இந்த வேலை என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மருத்துவமனைகள் காப்பீட்டு நிறுவனங்களிடம் பணம் கோருவதற்கு, நோயாளியின் நோயையும் அவருக்குச் செய்த சிகிச்சையையும் குறியீடுகளாக மாற்றி அனுப்ப வேண்டும். நோய்களுக்கு ஐசிடி-10-சிஎம் என்ற தொகுப்பு 2015 அக்டோபர் 1 முதல் அங்கே பயன்பாட்டில் உள்ளது. சிகிச்சை முறைகளுக்கு அமெரிக்க மருத்துவச் சங்கம் வெளியிடும் சிபிடி என்ற தொகுப்பு உள்ளது. இரண்டாம் வகைச் சர்க்கரை நோய், சிக்கல் எதுவும் இல்லை என்று மருத்துவர் எழுதியிருந்தால் அது ஈ11.9. மருத்துவர் எழுதிய குறிப்பைப் படித்துப் புரிந்துகொள்ளாதவரால் சரியான குறியீட்டைப் போட முடியாது என்பதால்தான் மருத்துவச் சொற்கள் இந்த வேலைக்கு அஸ்திவாரம்.

விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்தபோது பேசியவர் மிகுந்த மரியாதையோடு பேசினார். "மேடம், இந்த பேட்ச்ல மூணு சீட்டுதான் இருக்கு, இன்னைக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்குள்ள ரிஜிஸ்டர் பண்ணிட்டா உங்களுக்கு ஆஃபர் விலை" என்றார். அஞ்சலில் வரும் பாடத்துக்கு நாற்காலிக் கணக்கு எதற்கு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை. பொய்யான அவசரத்தைக் காட்டி ஆள் சேர்ப்பதையும் வேலைக்கு உறுதி சொல்லி விளம்பரம் செய்வதையும், பயிற்சி நிறுவனங்களுக்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடை செய்கின்றன என்பதைப் பின்னர்தான் தெரிந்துகொண்டேன். அவர் "நூறு சதவீதம் பிளேஸ்மென்ட்" என்றும் சொன்னார். ஆனால் எழுத்தில் ஒருமுறைகூடத் தரவில்லை.

நிறுவனம் அரசு அங்கீகாரம் பெற்றதா என்று கேட்டேன். உடனே இரண்டு சான்றிதழ்களின் படங்கள் வந்தன. ஒன்று உத்யம் பதிவு, மற்றொன்று ஐஎஸ்ஓ 9001. இரண்டுமே பார்ப்பதற்குக் கம்பீரமாக இருந்தன. உத்யம் என்பது சிறு தொழில் நடத்துபவர் தானே விவரம் கொடுத்து இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளும் பதிவு; இட்லி மாவு அரைத்து விற்பவரும் அதைப் பெறலாம். ஐஎஸ்ஓ 9001 என்பது ஒரு நிறுவனத்தின் நிர்வாக நடைமுறை பற்றியது; அதையும் ஐஎஸ்ஓ அமைப்பு நேரடியாகக் கொடுப்பதில்லை, வேறு தணிக்கை நிறுவனங்கள் கொடுக்கின்றன. பாடத்தின் தரத்துக்கும் இவை இரண்டுக்கும் தொடர்பே இல்லை.

பதிவுக் கட்டணம் 2,000 ரூபாய். மீதி 38,000 ரூபாய்க்கு, மாதம் 3,800 வீதம் பத்து மாதம், "வட்டியில்லாத் தவணை" என்றார்கள். ஒரு செயலியில் ஆதார், பான் எண், ஒரு புகைப்படம், இரண்டு ஓடிபி, அவ்வளவுதான். நான் நினைத்தது நிறுவனத்துக்கே மாதாமாதம் கட்டணம் கட்டுகிறேன் என்று. உண்மையில் என் பெயரில் ஒரு நிதி நிறுவனத்தில் கடன் வாங்கப்பட்டு, அந்தத் தொகை பயிற்சி நிறுவனத்துக்கு மொத்தமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. நான் படித்தாலும் நிறுத்தினாலும் அவர்களுக்கு இனி எந்த நட்டமும் இல்லை; தவணை தவறினால் கெடுவது என் சிபில் மதிப்பெண். இப்படிச் செயலி வழியாகக் கொடுக்கும் கடனுக்கு முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கட்டாயம் தர வேண்டும் என்பதும், தொடக்கத்தில் குறிப்பிட்ட நாட்களுக்குள் அபராதம் இல்லாமல் அசலையும் அதுவரையான வட்டியையும் கட்டிக் கடனிலிருந்து விலகிக்கொள்ள உரிமை உண்டு என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. எனக்குத் தெரிய வந்தபோது அந்த நாட்கள் எப்போதோ கடந்துவிட்டிருந்தன.

பத்து நாளில் கூரியரில் சுருள் கம்பி போட்ட ஒரு நகல் புத்தகம் வந்தது. பாதிப் பக்கங்களில் எழுத்து மங்கியிருந்தது. இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள், அப்படியே பக்கம் பக்கமாகப் பட்டியல். "தினமும் இருபது சொல் மனப்பாடம் செய்யுங்கள்" என்பதுதான் கற்பிக்கும் முறை.

மருத்துவச் சொற்களை அப்படிப் படிக்கவே கூடாது என்பதைப் பிறகு நானாகப் படித்தபோதுதான் உணர்ந்தேன். அவை கிரேக்க, இலத்தீன் வேர்களைக் கோத்துக் கட்டியவை. பிரித்தால் பொருள் தானாக வந்து நிற்கும். கோலெசிஸ்டெக்டமி என்ற சொல்லில் முதலில் பித்தம், நடுவில் பை, கடைசியில் வெட்டி அகற்றுதல்; ஆக, பித்தப்பையை அகற்றும் அறுவை. பெருங்குடலைக் குறிக்கும் வேரோடு மூன்று ஈறுகளைச் சேர்த்துப் பாருங்கள்: கொலோட்டமி என்றால் பெருங்குடலைக் கீறித் திறப்பது, கொலோஸ்டமி என்றால் பெருங்குடலுக்கு வயிற்றின் மேல் ஒரு வாய் அமைப்பது, கொலெக்டமி என்றால் பெருங்குடலை அல்லது அதன் ஒரு பகுதியை எடுத்துவிடுவது. கேட்பதற்கு ஒன்றுபோல் இருக்கும் இந்த மூன்றும் வெவ்வேறு அறுவைகள், வெவ்வேறு குறியீடுகள். எனக்கு வந்த புத்தகத்தில் கொலோஸ்டமிக்கு எதிரே "பெருங்குடலை அகற்றுதல்" என்று இருந்தது. அதை நான் பதினைந்து முறை எழுதிப் பார்த்து மனப்பாடம் செய்திருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கும் இடுப்பெலும்பின் மேல்பகுதிக்கும் ஆங்கிலத்தில் ஓரெழுத்துதான் வேறுபாடு. நடுவில் 'ஈ' வந்தால் குடல், 'ஐ' வந்தால் எலும்பு. உச்சரிப்பு ஒன்றே, தமிழில் எழுதினால் இரண்டுமே இலியம்தான். புத்தகத்தில் இரண்டு இடத்திலும் எலும்புக்கான எழுத்தே அச்சாகியிருந்தது. பாடத்தை விளக்குவதாக வாட்ஸாப்பில் வந்த குரல் பதிவிலோ, வாசித்தவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிட்டார். விழுங்குவதில் சிரமம் என்ற டிஸ்ஃபேஜியாவும் பேச்சுக் கோளாறான டிஸ்ஃபேசியாவும் அந்தப் பதிவில் ஒரே சொல்லாகவே என் காதில் விழுந்தன. நேரில் ஓர் ஆசிரியர் இருந்தால் கரும்பலகையில் எழுதிக் காட்டி ஒரு நிமிடத்தில் தீர்த்திருப்பார். தொலைவிலிருந்து படிப்பவருக்கு அந்த இடத்தில் இருப்பது திருத்தி அனுப்பப்படும் விடைத்தாள் ஒன்றுதான்.

அந்தத் திருத்தலைத்தான் அவர்கள் செய்யவே இல்லை. மூன்றாம் மாதத் தேர்வில் எனக்கு ஐயம் வந்து, இதயம் பற்றிய கேள்விக்குச் சிறுநீரகத்தையும், வீக்கம் பற்றிய கேள்விக்குக் கட்டியையும் வேண்டுமென்றே எழுதி அனுப்பினேன். ஒரு கேள்விக்கு எங்கள் ஊர் பேருந்து நேரத்தை எழுதினேன். நான்காம் நாள் விடைத்தாள் 92 மதிப்பெண்ணோடும் "குட், கீப் இட் அப்" என்ற முத்திரையோடும் திரும்பி வந்தது. பேருந்து நேரத்துக்கும் ஒரு சரிக்குறி போட்டிருந்தார்கள்.

பாடமும் பழையது. மருத்துவரைச் சந்திக்க வரும் புதிய நோயாளிக்கான குறியீடுகளில் 99201 என்பதைப் பெரிய எழுத்தில் கற்பித்திருந்தார்கள். அந்தக் குறியீடு 2021 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டுவிட்டது. சிபிடி ஆண்டுதோறும் ஜனவரியிலும் ஐசிடி-10-சிஎம் அக்டோபரிலும் புதுப்பிக்கப்படுகின்றன என்ற அடிப்படைச் செய்திகூட அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. சிபிடி பதிப்புரிமை உள்ள நூல் என்பதால், இவர்கள் அனுப்பிய நகல் யாருடைய அனுமதியோடு எடுக்கப்பட்டது என்பதையும் நான் கேட்டேன், பதில் வரவில்லை.

ஆறாம் மாதம் சான்றிதழ் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு திருச்சியில் ஒரு நேர்காணலுக்குப் போனேன். எழுத்துத் தேர்வில் 50க்கு 17. நேரில் கேள்வி கேட்ட பெண்மணி அன்பாகவே கேட்டார்: "மைலைட்டிஸ், ஆஸ்டியோமைலைட்டிஸ், ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?" முதலாவது தண்டுவட அழற்சி, இரண்டாவது எலும்பையும் அதன் உள்ளே இருக்கும் மச்சையையும் தாக்கும் அழற்சி; மைலோ என்ற ஒரே வேர் தண்டுவடம், மச்சை என்ற இரண்டு இடங்களையும் குறிக்கும். பட்டியலில் எனக்கு ஒன்றுதான் மனப்பாடம். பிறகு சான்றிதழை வாங்கிப் பார்த்தவர், "இது சிபிசி இல்லையே, மெம்பர் நம்பர் எங்க?" என்றார்.

இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். இந்தத் துறையில் பரவலாக மதிக்கப்படும் சிபிசி என்பது சர்டிஃபைட் ப்ரொஃபஷனல் கோடர். அமெரிக்காவின் ஏஏபிசி அமைப்பு நடத்தும் தேர்வில் தேறியவருக்குக் கிடைப்பது. 100 கேள்விகள், நான்கு மணி நேரம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். குறியீட்டு நூல்களைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். பணி அனுபவம் இல்லாதவர்களுக்குப் பட்டத்தின் பின்னால் பயிலுநர் என்பதைக் குறிக்கும் 'ஏ' சேர்ந்து வரும். ஒருவர் தேறினாரா என்பதை அவருடைய உறுப்பினர் எண்ணைக் கொண்டு இணையத்திலேயே சரிபார்க்கலாம். என் தாளில் இருந்ததோ "சர்டிஃபைட் ப்ரொஃபஷனல் இன் கோடிங்". முதலெழுத்துகளைத் தங்க நிறத்தில் பெரிதாக அச்சிட்டு, நடுவில் உள்ள 'இன்' கண்ணுக்குப் படாத அளவில் வைத்திருந்தார்கள். பொய் சொன்னோம் என்று யாரும் குற்றம் சாட்ட முடியாதபடி பொய் சொல்வதற்கும் ஒரு திறமை வேண்டும்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, கடன் கொடுத்தவரிடம் பேசுங்கள் என்றார்கள். அங்கே கேட்டால், தொகை முழுவதும் நிறுவனத்துக்குப் போய்விட்டது என்றார்கள். பத்துத் தவணையையும் கட்டி முடித்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு முதன்முறையாக அவர்களே அழைத்து, இணையத்தில் நான் எழுதியிருந்த விமர்சனத்தை நீக்கினால் 6,000 ரூபாய் தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. சம்பவம் நடந்த இரண்டாண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். வழக்கறிஞர் வைக்காமல் நானே எழுதிக் கொடுத்தேன்.

இப்படி ஒரு பயிற்சியில் சேர எண்ணியிருப்பவர்கள், பணம் கட்டும் முன் முதல் பாடத்தையும் அதற்கான தேர்வையும் கேட்டு வாங்குங்கள். தெரிந்தே நாலு தவறுகளோடு விடை எழுதி அனுப்புங்கள். திருத்தி வந்தால் மேற்கொண்டு பேசலாம். தர மறுத்தால் அதுவே பதில். உடலின் உறுப்புகளை அறிய மேல்நிலை வகுப்பு உயிரியல் பாடநூல் போதுமான தொடக்கம், அது இணையத்தில் இலவசம். ஐசிடி-10-சிஎம் தொகுப்பையும் அமெரிக்க அரசே இலவசமாகத் தருகிறது. புதியவர்களைத் தேர்ந்தெடுத்துத் தாங்களே பயிற்சி கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு என்பதைத் திருச்சியில் அந்தப் பெண்மணி சொல்லித்தான் நான் அறிந்தேன்.

சுருள் புத்தகத்தை நான் எறிந்துவிடவில்லை. சரியான நூலோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து இதுவரை 61 பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறேன். 92 மதிப்பெண் பெற்ற அந்த விடைத்தாளோடு சேர்த்து அதுவும் இப்போது ஆணையத்தில் என் தரப்பு ஆவணமாக இருக்கிறது.