பருப்பு வேகாத தண்ணீருக்கு ஏற்ற மீன்

எங்கள் அபார்ட்மென்ட் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. குக்கரில் ஆறு விசில் விட்டாலும் துவரம்பருப்பு விறைத்துக்கொண்டு நிற்கும், குழாய் வாயெல்லாம் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். இந்தத் தண்ணீரில் இரண்டு முறை நியான் டெட்ரா என்ற சின்ன மீனை வளர்க்கப் பார்த்து இரண்டு முறையும் ஒரு மாதம் தாங்கவில்லை. அதனால் சென்னை கொளத்தூர் வண்ணமீன் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) எவ்வளவு என்று கேட்டு, நான் 900 என்றதும், "உங்க தண்ணிக்கு ஆப்பிரிக்கன் சிக்லிட்தான் சார் செட் ஆகும்" என்றபோது, கையிருப்பைத் தள்ளிவிடப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். பத்து மாதம் ஆகிவிட்டது. அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை சுத்தமான உண்மை. மற்றதில் பாதி தேறும்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டும் பயனில்லை, அந்தத் தெருவில் வரிசையாகப் பல கடைகளில் இதே 'ஆப்பிரிக்கன் சிக்லிட் பேக்கேஜ்' கிடைக்கிறது, லைட்டின் நிறம் மட்டும்தான் மாறும். எனக்குக் கிடைத்தது இது: 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி, இரும்பு ஸ்டாண்ட், டாப் ஃபில்டர், எல்இடி லைட், ஹீட்டர், இரண்டு மூட்டை நீலக் கலர் கல், ஒரு பெரிய டப்பா தீனி, ஆன்டி குளோரின் பாட்டில், 20 மீன்குட்டிகள். வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கி வைத்ததோடு சேர்த்து 18,500 ரூபாய்.

தொட்டியைப் பற்றி ஒரு குறையும் இல்லை. 10 மிமீ கண்ணாடி, சிலிக்கான் ஒட்டு ஒரே சீராக ஓடியிருந்தது, கடையிலேயே இரண்டு நாள் தண்ணீர் நிரப்பி வைத்திருந்துதான் அனுப்பினார்கள். ஒரு விஷயம் மட்டும் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கணக்குப் போட வேண்டும். இந்த அளவுத் தொட்டி 255 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே கால் டன், அதன் மேல் கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்ட். வாடகை வீடு என்றால் ஹால் நடுவில் வைக்காமல் சுவரோரமாக, கீழே பீம் ஓடும் இடமாகப் பார்த்து வையுங்கள். எங்கள் ஓனர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கீழ் வீட்டுக்குப் போய் அவர்களுடைய சீலிங்கைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

ஹீட்டர் தண்டம். இந்த மீன்களின் பூர்விகம் மலாவி ஏரி, அங்கே மேல்மட்டத் தண்ணீர் 24 முதல் 28 டிகிரி வரைதான் இருக்கும். நம் சென்னையில் மார்கழி விடியற்காலையில்கூட என் தொட்டி 25க்குக் கீழே இறங்கவில்லை. பிரச்சினை மே மாதத்தில்தான், 32 தொட்டது. சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். அப்போது நான் செய்தது, தண்ணீர் மட்டத்தை இரண்டு அங்குலம் குறைத்து ஃபில்டர் தண்ணீர் சத்தமாக விழும்படி விட்டு, மூடியை எடுத்துவிட்டு, மேலே ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தேன். இரண்டு டிகிரி இறங்கியது. ஹீட்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனால் "பேக்கேஜ்ல பிரிக்க முடியாது சார்" என்றார்கள். அட்டைப்பெட்டியோடு பரணில் கிடக்கிறது.

சரி, முக்கியமான புகாருக்கு வருகிறேன். தொட்டியும் மீனும் ஒரே நாளில் வந்து இறங்கின. காலையில் தொட்டி, மாலையில் 20 குட்டிகள். "ஒண்ணும் ஆகாது சார், ரெண்டு மூடி மருந்து ஊத்துங்க போதும்." நான்காம் நாள் எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஆறாம் நாளுக்குள் ஐந்து போய்விட்டன. கடைக்குப் போன் செய்தால் நீல மருந்து ஊற்றச் சொன்னார்கள், மெத்திலீன் புளூ. ஊற்றினேன். இன்னும் மோசமானது.

அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்றை வாங்கிப் பார்த்த பிறகுதான் கதையே புரிந்தது. மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அம்மோனியா வரும். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுவது ஃபில்டர் பஞ்சில் குடியேறும் பாக்டீரியா. அவை குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். புதுத் தொட்டியில் அவை இல்லை, ஆனால் மீன் முதல் நாளிலிருந்தே கழிவு போட ஆரம்பித்துவிடும். இது எல்லா மீனுக்கும் பொதுதான். ஆனால் பருப்பு வேகாத தண்ணீரில் இதற்குள் இன்னொரு கண்ணி இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. தண்ணீரின் பிஎச், அதாவது காரத்தன்மை, ஏற ஏற அதே அளவு அம்மோனியாவில் விஷமான பங்கு ஏறிக்கொண்டே போகும், வெப்பம் கூடினாலும் அப்படித்தான். பிஎச் 7க்குக் கீழே ஒரு தொட்டியில் மீன் சமாளித்துவிடும் அம்மோனியா, என் தொட்டியின் 7.8இல், 29 டிகிரியில், கொன்றுவிடும். அதாவது எந்தத் தண்ணீர் இந்த மீனுக்கு வரமோ அதே தண்ணீர் முதல் மாதத்தில் எமன். போதாக்குறைக்கு அந்த நீல மருந்து, அப்போதுதான் வேர் பிடிக்க ஆரம்பித்திருந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அடித்திருக்கிறது. பத்து நாள் தினமும் பாதித் தண்ணீரை மாற்றி மாற்றித்தான் மிச்சம் 15ஐக் காப்பாற்றினேன்.

ஆகவே இந்தப் பேக்கேஜ் வாங்குவதாக இருந்தால் தொட்டியை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மீனுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, ஒன்று ஒன்றரை மாதம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள். அதுவரை ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டு வாருங்கள், பாக்டீரியா பெருக அம்மோனியா வேண்டுமே. தொட்டி வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவருடைய ஃபில்டரிலிருந்து அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டருக்குள் வையுங்கள், காத்திருப்பு நன்றாகவே குறையும். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும்.

அடுத்த புகார், 'மிக்ஸ்'. 20 குட்டியும் மிக்ஸ் தொட்டியிலிருந்து வலைபோட்டு அள்ளியது. எல்லாம் இரண்டு அங்குலம், எல்லாம் மஞ்சளும் நீலமுமாகப் பார்க்க ஒரே மாதிரி சாது. வளர்ந்த பிறகு தெரிந்தது: எல்லோ லேப் ஆறு, ரெட் ஜீப்ரா நான்கு, பீக்காக் இரண்டு, வீனஸ்டஸ் ஒன்று, ஆரட்டஸ் இரண்டு. மீன் வளர்ப்பவர்கள் இந்தப் பட்டியலைப் படித்ததும் தலையில் கை வைப்பார்கள். வீனஸ்டஸ் பத்து அங்குலம் வளரும், மற்ற மீனைப் பிடித்துத் தின்னும் ஜாதி. பீக்காக் சுபாவத்தில் மென்மையானது, ரெட் ஜீப்ராவோடு போட்டால் மூலையிலேயே நின்று நிறம் மங்கிப் போகும். ஆரட்டஸ் குட்டியாக இருக்கும்போது மஞ்சள் உடம்பில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்டுக் கடையிலேயே அழகாகத் தெரிவது அதுதான், என் பெண் விரல் நீட்டிக் கேட்டதும் அதைத்தான். அதில் ஆண் வளர்ந்ததும் மஞ்சள் போய் உடம்பே கறுத்துவிடும், குணமும் மாறிவிடும். எங்கள் ஆரட்டஸ் ஆறாவது மாதத்தில் தொட்டியின் முக்கால் பாகத்தைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டது. பீக்காக் இரண்டையும் விரட்டியே சாகடித்தது.

இங்கே கடையை ஒரு விஷயத்தில் பாராட்ட வேண்டும். ஆரட்டஸ் இரண்டையும் வீனஸ்டஸையும் கவரில் போட்டுக் கொண்டுபோனபோது முகம் சுளிக்காமல் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு ஈடாக அங்கே வேலை பார்க்கும் தம்பி ஒருவர் என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். முன்பக்கம் கண்ணில் படாத சிமென்ட் தொட்டிகள் அங்கே இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரே வகை. அதிலிருந்து எட்டு எல்லோ லேப் பிடித்துத் தந்தார். "மிக்ஸ் வேணாம்ணா, ரெண்டே வகை வைங்க, ஆனா கூட்டமா வைங்க" என்றார். இந்த ஒரு வரியை முதல் நாளே சொல்லியிருந்தால் இந்த விமர்சனம் பாதி நீளத்தில் முடிந்திருக்கும். குறைவாக மீன் வைத்தால் நல்லது என்பது மற்ற தொட்டிகளுக்கு. ம்புனா என்று சொல்லப்படும் இந்தப் பாறை மீன்களில் நாலைந்து மட்டும் இருந்தால் பலசாலி ஒன்று பலவீனமான ஒன்றைக் குறிவைத்துத் துரத்தித் தீர்த்துவிடும். 18, 20 இருந்தால் யாரைத் துரத்துவது என்று அதற்கே குழப்பம், அடி எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துவிடும். ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற கணக்கும் அதற்குத்தான். கூட்டம் அதிகம் என்பதால் ஃபில்டர் வலுவாக இருக்க வேண்டும். கடையில் கொடுத்த டாப் ஃபில்டர் போதவில்லை, கூட ஒரு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் சேர்த்தேன். அதை பேட்டரி பேக்கப் உள்ள ஏர் பம்பில் போட்டுவிட்டதால் கரண்ட் போனாலும் கவலையில்லை.

நீலக் கல்லை ஒரே மாதத்தில் எடுத்துவிட்டேன். இந்த மீன்களுக்கு மண்ணைத் தோண்டுவதுதான் பொழுதுபோக்கு, அந்தக் கல்லை வாயில் அள்ள முடியாமல் தவித்தன. சலித்துக் கழுவிய மணல் இரண்டு அங்குலம் போட்டேன். பாறைக்கு மார்பிள் கடை வாசலில் உடைந்து கிடந்த கடப்பா கல் துண்டுகள், கேட்டதும் சும்மாவே கொடுத்தார்கள். கடப்பா சுண்ணாம்புக்கல் வகை என்பதால் தண்ணீரின் கடினத்தன்மைக்கும் பொருத்தம். கூர் முனைகளை உரசி மழுங்க வைத்துவிட்டு, அடியில் தெர்மக்கோல் ஷீட் விரித்து, கல்லை முதலில் அடுக்கிவிட்டுப் பிறகு மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் கல்லை வைத்தால் ஒரு நாள் ராத்திரி அடியில் தோண்டிச் சரித்துவிடும், கண்ணாடி போய்விடும். வேறொரு கடையில் மேசைக்கு அடியிலிருந்து பவளப்பாறைத் துண்டு எடுத்துக் காட்டினார்கள், பிஎச் ஏறும் என்று. வாங்காதீர்கள். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, விற்பதே குற்றம். நம் தண்ணீருக்கு அது தேவையும் இல்லை. மெட்ரோ தண்ணீர் மட்டும் வரும் வீடு என்றால் ஒரு வலைப்பையில் கிளிஞ்சலைப் போட்டு ஃபில்டரில் வைத்தால் போதும்.

தீனி டப்பாவையும் ஓரம் கட்டினேன். அதில் மீன்தூள் அதிகம், கூடவே காய்ந்த புழு வேறு. எல்லோ லேப் எதையாவது தின்று சமாளிக்கும், ஆனால் ம்புனாக்களில் பெரும்பாலானவை பாறைப் பாசியைச் சுரண்டித் தின்று பழகிய நீளக் குடல்காரர்கள். கொழுத்த தீனி போட்டால் வயிறு வீங்கிச் சாகும். இப்போது ஸ்பைருலினா என்ற பாசி கலந்த குருணை, காலையும் மாலையும் ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. வாரம் ஒரு நாள் வெந்நீரில் போட்டெடுத்த பாலக் கீரை. பின்கண்ணாடியில் படரும் பச்சைப் பாசியை நான் துடைப்பதே இல்லை, சோம்பலுக்கு ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

போன மாதம் ஒரு எல்லோ லேப் தீனியைத் தொடவில்லை. தாடை உப்பியிருந்தது. வீக்க நோய்தான் என்று பயந்து அந்தத் தம்பிக்கு வீடியோ அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில்: "நோய் இல்லண்ணா, வாய்க்குள்ள முட்டை வெச்சிருக்கு, பட்டினி கிடக்கும், விட்டுடுங்க." மூன்று வாரத்துக்கும் மேல் ஒரு வாய் தின்னாமல் வாயிலேயே அடைகாத்து, ஒரு காலை பாறை இடுக்கில் துப்பியது. எண்ணிப் பார்த்ததில் 11 தெரிந்தன, இப்போது ஏழு இருக்கின்றன. ரெட் ஜீப்ராவோடு கலந்து பிறந்ததாகவும் இருக்கலாம், இந்த இரண்டும் கலக்கும். அதனால் யாருக்கும் எல்லோ லேப் என்று சொல்லிக் கொடுக்கப் போவதில்லை.

இப்போதைய பராமரிப்பு ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம். டியூப் போட்டு மணலின் அழுக்கோடு மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை வெளியே எடுக்கிறேன், ஃபில்டர் பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுகிறேன், புதிதாகப் போர் தண்ணீரை அப்படியே விடுகிறேன். எடுத்த தண்ணீர் மொட்டைமாடிக் கறிவேப்பிலைக்கு. அது இவ்வளவு தழைத்து நான் பார்த்ததில்லை.

மலாவி ஏரி ஏறக்குறைய 580 கிலோமீட்டர் நீளம். சென்னையிலிருந்து அவ்வளவு தூரம் ரோட்டில் போனால் கோவில்பட்டி தாண்டிவிடும். அந்த ஏரியின் பாறைக்கரை மீனை 4 அடியில் வைத்திருக்கிறோம் என்ற உறுத்தல் எனக்கு உண்டு, அதனால்தான் 3 அடித் தொட்டியிலும் இதே பேக்கேஜ் இருக்கிறது என்று கடையில் காட்டினால் வேண்டாம் என்கிறேன்.

மதிப்பெண்: தொட்டிக்கு ஐந்துக்கு ஐந்து, மீனின் ஆரோக்கியத்துக்கு நான்கு, ஆலோசனைக்கு ஒன்று. அந்த ஒன்றும் பின்கட்டுத் தம்பிக்கு. ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், கூட்டத்தில் அவர் கண்ணில் பட மாட்டார். வார நாளில் காலை பதினொரு மணிக்குப் போய் நேராகப் பின்பக்கத் தொட்டிகளைக் காட்டச் சொல்லுங்கள்.