மாமாவை ஹாட் ராடில் ஏற்ற எது சரி: சுழலும் சீட்டா, திருப்பி மாட்டிய கதவா, வின்ச்சா?

ஹாட் ராட், அதாவது வேகத்துக்காக வெட்டித் திருத்திக் கட்டிய பழைய கார், ஏறி இறங்கவே சிரமமான வண்டி. 1930களில் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டுகளை விரட்டிப் பார்த்த பையன்கள் எடை குறைக்க மட்கார்டையும் பக்கவாட்டுப் படிப்பலகையையும் கழற்றி எறிந்தார்கள், அப்புறம் கூரையையும் வெட்டித் தாழ்த்தினார்கள். கால் வைக்க இடம் போச்சு, தலை நுழைய உயரமும் போச்சு.

மதுரையில் என் மச்சான் பழைய ஜீப்பின் சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம்) மேல் தானே தகரம் தட்டிக் கட்டிய வண்டிக்கும் அதே குணம்தான். அவன் அப்பா, அதாவது என் மாமா, பக்கவாதத்துக்குப் பிறகு இடது கை, இடது கால் இரண்டிலும் பலம் குறைந்தவர். எதையாவது பிடித்துக்கொண்டால் கொஞ்ச நேரம் நிற்பார், அதற்கு மேல் முடியாது. மகன் கட்டிய வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து அழகர்கோவில் வரை போக வேண்டும் என்கிறார். நியாயமான ஆசை. அதற்காக நாங்கள் போட்டுப் பார்த்த கணக்கு இது.

எல்லோரும் முதலில் சொல்வது சுழலும் சீட். கதவைத் திறந்தால் சீட் வெளிப்பக்கம் திரும்பும், உட்கார்ந்ததும் உள்ளே திருப்பிப் பூட்டிவிடலாம். ஜப்பானில் டொயோட்டா இதை ‘வெல்கேப்’ என்ற பெயரில் கம்பெனியிலேயே செய்து தருகிறது, ஆனால் அவை பெரும்பாலும் உயரமான வேன்களும் குடும்பக் கார்களும். வெட்டிய கூரைக்கு அடியில் கதையே வேறு. சுழலும் அடித்தட்டின் கனத்துக்கு சீட் மேலே ஏறும், கூரையோ ஏற்கெனவே கீழே இருக்கிறது, திரும்பும்போது தலை விளிம்பில் இடிக்கும். தலை தப்பினாலும் முட்டி தப்பாது, ஏனென்றால் சீட் திரும்புகையில் முட்டி ஒரு வட்டம் போடும், கதவு வாசல் நீளமாக இல்லாவிட்டால் அந்த வட்டம் கண்ணாடித் தூணில், அதாவது முன் கண்ணாடியின் ஓரத்தில் கூரையைத் தாங்கும் தூணில், போய் முட்டும். சின்னக் கதவு வைத்த வண்டியில் இதற்கு இடமே இல்லை.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ‘பேரிங் வாங்கிக் கொடுங்க, லேத்தில் கடைந்து தர்றேன்’ என்று சொல்ல இங்கே ஆள் இருக்கிறார்கள், வேலையும் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவின் 207-ஆம் எண் வாகனப் பாதுகாப்பு விதி, சீட் தன் எடையைப்போல் 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கிறது, சீட்டிலேயே பெல்ட் மாட்டியிருந்தால் பெல்ட் இழுக்கும் விசையும் கூடவே சேரும். ஒரு பூட்டு ஊசியை நம்பி நிற்கும் தட்டு அதைத் தாங்குமா என்று பட்டறையில் சோதிக்க வழி கிடையாது. சுழலும் சீட் வேண்டுமென்றால் சோதித்துச் சான்று பெற்றதை வாங்குங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது இரண்டாவது வழி: முன் கதவைத் திருப்பி மாட்டுவது, அதாவது கீல் பின்பக்கம், திறப்பது முன்பக்கம். 1934 ஃபோர்டு கூப்பேயில் கதவு இப்படித்தான். நம்ம ஊர் ரோடுகளில் ஓடிய பழைய ஃபியட் 1100-இலும் முன் கதவு இப்படித்தான் இருந்தது, வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். மாமா வெளியே பார்த்து நின்று, பின்புறத்தை சீட்டில் வைத்து, பிறகு காலை உள்ளே எடுக்கிறார் என்று வையுங்கள். இடது பக்க சீட் என்பதால் அப்போது அவருடைய வலது கை கண்ணாடித் தூண் பக்கம் வரும். அந்தத் தூணில் கெட்டியாக ஒரு கைப்பிடி வைத்தால் அவருக்கு நல்ல கையே பிடிமானம். வலது கால் தானாக உள்ளே போகும், இடது காலை மட்டும் யாராவது தூக்கி வைத்தால் போதும். சாதாரணக் கதவு என்றால் அந்த நல்ல கை ஆடுகிற கதவைத்தான் பற்றும், விழுவது அங்கேதான். வலது பக்கம் பலம் குறைந்தவருக்கு இது அப்படியே தலைகீழ், கைப்பிடி சீட்டுக்குப் பின்னால் உள்ள தூணில் இருக்க வேண்டும். ஆக, ஆளைப் பார்க்காமல் கைப்பிடிக்கு வெல்டிங் வைக்கக் கூடாது.

கூடவே சீட்டின் உயரம். வீல்சேரின் உட்காரும் உயரம் பொதுவாகத் தரையிலிருந்து 48, 50 சென்டிமீட்டர். வண்டியின் சீட்டும் அதற்கு நெருக்கமாக வந்தால் நடுவில் வழுக்குப் பலகை போட்டு நகர்ந்தே போய்விடலாம். பக்கெட் சீட்டின் விளிம்பு எழும்பி நின்று தடுக்கும், தட்டையான பென்ச் சீட்தான் நல்லது. கூரை இடித்தால் கூரையைத்தான் உயர்த்த வேண்டும், மச்சானுக்கு அது கசக்கும்.

இந்தக் கதவின் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது பூட்டு விட்டால் காற்று கதவைப் பிய்த்துத் திறந்துவிடும். முதல் பிடி விட்டாலும் இரண்டாவது பிடிக்கிற இரண்டு நிலைப் பூட்டும், உள்ளே தனியாக ஒரு தாழ்ப்பாளும் கட்டாயம். ஜீப்புக்குத் தனி சேஸிஸ் உண்டு, கீல் தாங்கும் தூணை அதிலிருந்தே எழுப்பலாம். அம்பாசடரில் பாடியேதான் சேஸிஸ், அதில் தூணை வெட்டினால் வண்டியின் முதுகெலும்பையே வெட்டியதாகிவிடும்.

மூன்றாவது வின்ச், அதாவது ஆளைத் தூக்கி உள்ளே இறக்கும் கருவி. 12 வோல்ட் மோட்டார், கிரேன் மாதிரி ஒரு இரும்புக் கை, தூளி மாதிரி ஒரு பட்டை. கூரையில்லாத வண்டிக்கு அருமையாகப் பொருந்தும், கொஞ்சம்கூட நிற்க முடியாதவருக்கு மற்ற இரண்டைவிட இதுதான் வழி. ஆனால் வண்டியை இழுக்கச் செய்த வின்ச்சில் ஆளைத் தூக்கக் கூடாது, ஆள் தூக்கச் செய்ததையே வாங்க வேண்டும். மாமாவிடம் கேட்டதற்கு, ‘என்னைய சாக்கு மூட்டை மாதிரி தூக்கிப் போடாதீங்கடா’ என்றார். அவர் விஷயத்தில் அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆர்.டி.ஓ. பக்கம்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றுத்திறனாளிக்காக வண்டியை மாற்றிவிட்டு, பதிவு அதிகாரியின் ஒப்புதலைப் பின்னர் பெற வழி இருக்கிறது. ஆனால் அந்தச் சலுகையைக் காட்டி வெட்டிய கூரையையும் சேர்த்துக் கரையேற்றிவிடலாம் என்று மச்சான் கனவு காண வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் செய்ய வேண்டிய ஒன்று மிச்சம். கதவுக்கு அடியில் பக்கவாட்டில் ஓடும் அந்தச் சைலன்சரை மறுபக்கம் மாற்ற வேண்டும், குறைந்தபட்சம் தகட்டால் மூட வேண்டும். பக்கவாதம் வந்த காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சூடு பட்டாலும் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். சித்திரை வெயிலில் கறுப்பு ரெக்சினும் பெல்ட்டின் இரும்புக் கொக்கியும் இதே ரகம், துணி உறை போட்டால் தீர்ந்தது. சைலன்சர் விஷயத்துக்கு மட்டும் மச்சான் மசியவில்லை, அந்தக் குழாய் வெளியே தெரியாவிட்டால் அது ஹாட் ராடே இல்லை என்கிறான்.