காசு கட்டிய நேயரா, தொகுப்பாளரா? ராப் வீடியோவின் இரு வழிகள்

1985இல் மயாமியில் தொடங்கிய 'தி பாக்ஸ்' என்ற கேபிள் சேனல், 1988 ஆகஸ்டில் எம்டிவி இசைச் சேனலில் வந்த 'யோ! எம்டிவி ராப்ஸ்' நிகழ்ச்சி: அமெரிக்க ராப் வீடியோக்களை வீட்டுக்குள் கொண்டுவந்ததில் இரண்டுக்கும் பங்குண்டு.

'யோ'வில் எதைப் போடுவது என்று நிலையமே முடிவெடுக்கும். ஃபேப் ஃபைவ் ஃப்ரெடி போன்ற தொகுப்பாளர்கள் பாடகர்களிடம் பேட்டியும் எடுப்பார்கள். எந்த நேரம் என்று முன்பே தெரியும், நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சி.

பாக்ஸில் தொகுப்பாளரே கிடையாது. திரையில் ஓடும் பட்டியலில் பாட்டின் எண்ணைப் பார்த்து, 900இல் தொடங்கும் கட்டணத் தொலைபேசி எண்ணைச் சுழற்றி, பாட்டின் எண்ணை அழுத்தவேண்டும். கட்டணம் தொலைபேசி பில்லில் ஏறும். (பில்லைப் பார்த்த பெற்றோர் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தனியாகச் சொல்லவேண்டுமா!) பாடல் உடனே வராது, முன்னால் கேட்டவர்கள் முடியவேண்டும். அந்தந்த ஊர்க் கேபிள் நிலையத்திலேயே லேசர் டிஸ்க் (வீடியோ பதிந்த வட்டு) இயந்திரம் இருந்ததால் ஊருக்கு ஊர் வேறு பாட்டு ஓடியது. காசு கட்டியவர் கேட்டதே ஓடும் என்பதால் ஒரே வீடியோ திரும்பத் திரும்ப வரும். அதுதான் பெரிய தொல்லை.

பேட்டியும் பின்னணியும் வேண்டுமென்றால் 'யோ'. எம்டிவி போடத் தயங்கிய வீடியோவைப் பார்க்க பாக்ஸ்தான். சின்ன இசை நிறுவனங்களின் பாடகர்களுக்கு அதுவே மேல். 'யோ' 1995இல் முடிந்தது. பாக்ஸை எம்டிவியே வாங்கியது. 2001 ஜனவரியில் அதன் இடத்தில் எம்டிவி2 வந்தது.